ரத்தமா, சோறா?

"அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு!" நம் தோட்ட லயங்களில் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! சித்தப்பா ஒருவர் தஞ்சோங் ரம்புத்தானில் சிகிச்சை பெற்றவர் என்பதற்காக, கேமரன் மலையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப் போயிற்று. தங்கமான பெண். மாப்பிள்ளை வீட்டார் கேட்க வேண்டிய பழைய கதை ஒன்று உண்டு.

அந்நாளில் மலாயாவில் சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிந்தனர். தமிழரை அது அவ்வளவாகத் தொடவில்லை. இன வேறுபாடு என்றுதானே எவருக்கும் தோன்றும்? 1905-ஆம் ஆண்டு இறுதியில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படைக்காரருக்குத் தீட்டிய பச்சரிசி, இரட்டைப்படைக்காரருக்குப் புழுங்கலரிசி. (இன்று அப்படிச் செய்ய எந்த மருத்துவரையும் விடமாட்டார்கள்.) ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மறுபக்கம் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை.

தமிழனைக் காத்தது குலமன்று. நெல்லை அவித்துக் குத்தும் பழக்கம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அச்சத்து மிகவும் குறைந்தால் கால் மரப்பதோடு நிற்காது. புத்தி தடுமாறும், நினைவு தப்பும்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1956-இல் லண்டனில் ஹார்ட்னப் என்ற குடும்பத்தில் ஒரு பிறவிக் குறையைக் கண்டறிந்தார்கள். புரதத்தின் சில கூறுகளைக் குடல் சரியாக ஏற்பதில்லை. வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும், நடை தள்ளாடும், சிலருக்கு மனமும் பேதலிக்கும். ஆயினும் அதே குறையோடு பிறந்து, நன்றாகச் சாப்பிடும் பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை! நோய் கண்டவருக்கும் நியாசின் வகை வைட்டமின் கொடுத்தால் பெரும்பாலும் குணம் தெரிகிறது.

எல்லா மனநோயும் சோற்றால் தீராது. மனச்சிதைவு நோய்க்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆனால் அங்கும் உணவு எட்டிப் பார்க்கிறது: ஹாலந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடையே அந்நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

கர்ப்பிணித் தாய்மாரே, இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு உங்களோடு நிற்காது. பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் தொடும். கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீர் அச்சத்தை உடலில் சேரவிடாது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். குடிக்க வேண்டாம் என்றா சொன்னேன்? இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.