காலையில் ஒரு கோச்சி வேண்டும்

யாழ்ப்பாணத்து உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

போன மாதம் எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்தது. உயர்தரம் முடித்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரி. நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் போகப் போவதில்லை என்றது. பின்னால் நின்ற அதன் உம்மா சொன்னா: "அனுப்ப ஏலாது எண்டில்ல டீச்சர். வேல விட்டு மஃரிபுக்குள்ள வீட்ட வரோணும். ரெண்டு பஸ் மாறி, ரோட்டில நிண்டு, எப்ப வருமோ தெரியாது. எப்படி நம்பி அனுப்புற?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த உம்மா வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரத்துக்கு வீடு கொண்டுவந்து சேர்க்கும் ஒன்றைத்தான் கேட்டா. அன்று இரவு முழுக்க எங்கள் வாப்பாவின் நினைவுதான்.

வாப்பா துணி வியாபாரி. கடை இல்லை, தோளில் பொட்டணி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் சம்பளம் போடும் நாளை மனப்பாடமாக வைத்திருந்தாராம். அன்று விடிய யாழ்ப்பாண நிலையத்தில் கோச்சி ஏறினால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், பிறகு காங்கேசன்துறை. இந்தப் பெயர்களை அவர் ஓதுவது மாதிரி வரிசையாகச் சொல்லுவார். ஆலையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் ஆலையாலும் கோச்சியாலும்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர், வெற்றிலை விற்ற ஆச்சி, சைக்கிள் காவல் பார்த்தவர் என்று அந்த நிலையத்தை நம்பி எத்தனையோ வீடுகள் இருந்தன.

இதில் ஒரு ஒழுங்கைக் கவனியுங்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை தண்டவாளம் 1902இல் வந்துவிட்டது. 1905இல் தெற்கோடு இணைந்தது. ஆலை வந்தது 1950இல். பாதை முதலில், தொழில் பிறகு. சென்னையில் கிண்டித் தொழிற்பேட்டையும் இப்படித்தான். கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டது, தொழிற்பேட்டை 1958இல்தான் வந்தது. வேலைக்காரர் வந்து போக வழி ஏற்கெனவே இருந்தது. எங்கள் அச்சுவேலித் தொழிற்பேட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. போவதானால் றோட்டால்தான் போக வேண்டும்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. சீமெந்து ஆலையும் அந்த வருடத்தோடு நின்றது. காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழைச் சனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நாலு மாதம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, எங்கள் முறை வந்தது. புலிகள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நாங்கள் அப்போது உம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை. ஏறிப்போக ஒரு கோச்சிகூட இல்லாத ஊரிலிருந்து நாங்கள் வெளியேறினோம். இதை எழுதுவது யாரையும் புண்படுத்த அல்ல. வடக்கே வலிகாமத்தார் அழுத அதே வருடத்தில்தான் சோனகத் தெருவும் அழுதது. இதை எங்கள் பிள்ளைகளும் அறிய வேண்டும், அவர்கள் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

நாங்கள் வளர்ந்தது புத்தளம் தில்லையடியில். அங்கேயும் ஒரு தண்டவாளம் இருந்தது. அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு பாலாவிச் சீமெந்து ஆலைக்கு ஒரு கோச்சி போகும். ஓலைக் கொட்டில் அதிரும். நாங்கள் வெளியே ஓடிப் பெட்டிகளை எண்ணுவோம். வாப்பா மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்: "இது கல்லுக் கோச்சி மகள். இதில மனுசர் ஏற ஏலாது. எங்கட ஊர்க் கோச்சியில கல்லும் போகும், மனுசரும் போகும்."

வாப்பா திரும்பி வரவில்லை. புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்யட்டும்.

2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பி வந்தது. 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை வரை ஓடியது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. அந்த நாட்களில் நாங்கள் அநுராதபுரம் வரை பஸ்ஸில் வந்து, அங்கே கோச்சி ஏறி ஊருக்கு வந்தோம். பிறகு கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி, அதன்பின் இங்கேயே பள்ளிக்கூடம். ஒரு லீவு நாளில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறை வரை போனோம். உம்மா ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் பலகையைப் பார்க்காமலே சொன்னா. வாப்பாவின் வரிசை, ஒன்றும் பிசகவில்லை. கடைசியில் ஆலை தெரிந்ததும் சத்தமில்லாமல் இருந்துவிட்டா.

இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயங்கள் அமைப்பதாக அரசாங்கம் சொல்லி வருகிறது. மூன்று பெயர்களையும் ஒருதரம் திரும்பச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் வடக்குப் புகையிரதப் பாதையில் இருக்கிற ஊர்கள். அச்சுவேலிக்குக் கிடைக்காத வசதி இந்த மூன்றுக்கும் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் போகிறோமா, இல்லாவிட்டால் வலயத்தைக் கட்டி முடித்த பிறகு பஸ் தேடப் போகிறோமா?

புகையிரத நிலையம் என்றதும் பெரிய கட்டடம், கோடிக்கணக்கான காசு என்று பயப்படத் தேவையில்லை. வேலைக்காரர் ஏறி இறங்க ஒரு சிறு தரிப்பிடம் போதும். வளைவில்லாத, மட்டமான தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மேடை, மழைக்கு ஒரு கூரை, இரவுக்கு வெளிச்சம், பெண்களுக்கு ஒரு மலசலகூடம், ரிக்கற் கொடுக்க ஒருவர். எங்களுடையது ஒற்றைப் பாதை. எதிர்க் கோச்சிக்கு விலகி நிற்க இரண்டாவது தண்டவாளமும் சிக்னலும் வைப்பதுதான் பெரிய செலவு. வெறும் தரிப்பிடத்துக்கு அது தேவையில்லை.

மாவிட்டபுரத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அப்படி ஒன்று புதிதாக வேண்டுமா, இருக்கிற நிலையமே போதுமா என்பது வலயத்தின் வாசல் எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வாசல் வரைபடம் போடும்போதே இதைக் கேட்க வேண்டும் என்கிறோம். வாசல் ஒரு பக்கமும் மேடை இன்னொரு பக்கமும் வந்துவிட்டால் பிறகு யாரும் கோச்சியில் வரமாட்டார்கள்.

மேடையைவிட முக்கியம் நேரம். கொழும்புப் பயணிகளுக்காக நேரம் போட்ட கோச்சிகளை மட்டும் வைத்து உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போக முடியாது. வேலை தொடங்க முன்னம் கொண்டுபோய் விட்டு, வேலை விட்டதும் திரும்பக் கூட்டிவர ஒரு சின்ன உள்ளூர்க் கோச்சி வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றருக்கும் குறைவு. இவ்வளவு கிட்ட இருக்கிற வேலைக்கு ஒரு பிள்ளை போக முடியாமல் இருப்பது எங்கள் எல்லோருக்கும் வெட்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடைக்கோ வலயத்துக்கோ காணி தேவை என்று சொல்லி, வலிகாமம் வடக்கில் இத்தனை வருடம் காத்திருந்து திரும்பியவர்களின், இன்னும் காத்திருப்பவர்களின் ஒரு துண்டு நிலமும் போய்விடக் கூடாது. வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக முதலில் பேச வேண்டியவர்கள் நாங்கள்.

எங்கள் சமூகத்தில் எத்தனை குடும்பம் இன்றைக்கும் பாதி புத்தளத்தில், பாதி யாழ்ப்பாணத்தில்? வீடு இங்கே, உழைப்பு அங்கே. பள்ளிவாசல்களைத் திருத்தினோம், பள்ளிக்கூடத்தில் திரும்ப மணி அடிக்கிறது. ஆனால் பிள்ளை படித்து முடித்ததும் ஊரை விட்டுத்தான் போக வேண்டும் என்றால், நாங்கள் திரும்பி வந்தது அரைகுறைதான்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். பிரதேச செயலகத்திலோ மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலோ இந்த வலயம் பற்றிப் பேசும்போது, பள்ளிவாசல் நிர்வாகத்தார், கோயில் சபையார், கிராம அபிவிருத்திச் சங்கத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்போம். தரிப்பிடம் எங்கே, கோச்சி எத்தனை மணிக்கு, காணி யாருடையது. இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் கேட்போம். கடிதம் எழுதும் வேலையை எங்களிடம் விடுங்கள், ஆசிரியர் வேலையே அதுதானே. கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் கீழே சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நேற்றும் கண்டோம். "டீச்சர், கோச்சி விடுவாங்களா?" என்று கேட்டது.

இன்ஷா அல்லாஹ் என்றோம். துஆவும் செய்வோம், கடிதமும் எழுதுவோம்.