கிணற்றடிப் பாடம்

எழுத்தறிவித்தல் ஏட்டோடும் கரும்பலகையோடும் அமைவதென்று நெடுநாள் எண்ணியிருந்தவன் யான். அவ்வெண்ணத்தை மாற்றியது வல்வெட்டித்துறையிலே, எம் அயல்வளவின் கிணற்றடித் தோட்டமாகும்.

2020 ஆம் ஆண்டு பங்குனியிலே பெருந்தொற்றினால் மூடப்பட்ட பள்ளிகள் பின்னரும் விட்டுவிட்டே நடந்தன. எழுத்துக்கூட்டிப் பழகவேண்டிய பருவத்தை அதனால் இழந்த சிறார் பலர். அவருள் ஒருவன், 2022 இல் நான்காந் தரத்தில் இருந்தும், ஒரு வரியைத்தானும் வாசிக்க இயலாதிருந்தான். அவ்வாண்டிலே பொருள் முடையால் நாடு அல்லலுற, வீட்டுத்தோட்டஞ் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அளிக்கப்பட்டது. அச்சிறுவனின் அம்மம்மாவும் பாத்தி கட்டினார். இளமையிலே தாயை இழந்து, தம்பியரை வளர்க்கும்பொருட்டுப் பள்ளியை விட்டவர் அவர்.

பாத்திதோறும் பலகைத்துண்டொன்றிலே பெயர் எழுதி நடுமாறு சிறுவனிடங் கூறினேன். அவன் வெண்கட்டியால் அரிதின் முயன்று எழுதிய முதற்சொல் ‘வெண்டி’. யானோ நூல்வழக்கை எண்ணி, அதனை அடித்து ‘வெண்டை’ எனத் திருத்தினேன். அதன்பின் இரண்டு கிழமை அவன் வெண்கட்டியைத் தொடவில்லை.

“எங்கட வாயிலை வாறதைத்தானே எழுதினவன். அது பிழையோ, வாத்தியார்?” என்று அம்மம்மா வினவினார். விடை கூற நாணினேன். பிள்ளை வீட்டிற் கேட்ட சொல்லே வாசிப்புக்கு வித்தென்பதைப் பயிற்சிக் கலாசாலையிற் படித்தும் மறந்தவன் யானே. பலகையில் மீண்டும் ‘வெண்டி’ என்றே எழுதச் செய்தேன்.

பின்னர்த் தோட்டமே பாடநூலாயிற்று. லகர ளகர ழகர வேறுபாட்டை இலையும் மிளகாயும் புழுவும் கற்பித்தன. மாவுக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி என இளமைப் பெயர்களைச் சொன்னவர் அம்மம்மா, எழுதியவன் பேரன். விதைத்த நாளையும் முளைத்த நாளையும் குறிக்கப் புகுந்தபோது வாக்கியமும் வந்தது.

இம்முறை புதியதன்று. 1932 இலேயே இலங்கையில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1937 இல் வார்தாவிலே காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வற்புறுத்தினார். ஆயினும் பள்ளித் தோட்டத்திலே பிள்ளை கற்கும். வீட்டுத் தோட்டத்திலோ வீடே கற்கும்.

இதனை யான் உணர்ந்தது ஒரு மாலைப்பொழுதில். கறிவேப்பிலைக் கன்றினருகே ‘கறிவேப்பிளை’ என்றொரு புதிய பலகை நின்றது. எழுத்துச் சிறுவனதன்று. திருத்துவதற்கு எழுந்த என் கை, பழைய பிழையை நினைந்து அடங்கிற்று. சிறுவனே ஓர் இலையைக் கிள்ளி, “அம்மம்மா, இது இலை” என்றான். அவர் சிரித்துக்கொண்டே ளகரத்தை ஈரக்கையால் அழித்து, மீள எழுதினார்.

விழாக் காணும் நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளுக்கு நூல்கள் வழங்குகின்றீர்கள், நன்று. அவற்றோடு ஒரு பிடி விதையும் ஒரு வெண்கட்டியும் அயல்வீட்டுக்கு அளியுங்கள்.