கேஸ் எங்கே போகிறது?

சென்னையில் பங்குனி பாதி கழிவதற்குள் ஏசி மெக்கானிக்கின் கைப்பேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். கத்திரி பிறந்துவிட்டால் அவர் அதை எடுப்பதே அபூர்வம். நான் தேடிப் போனவரும் அப்படித்தான். வேளச்சேரியில் ஷட்டர் போட்ட சின்னக் கடை. வாசலில் கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் ஏசிகள் துருவேறிக் கிடக்கின்றன. உள்ளே செம்புக் குழாய்ச் சுருள்கள், கேஸ் சிலிண்டர்கள், மூலையில் ஒரு வேக்யூம் பம்ப். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அரசு ஐடிஐயில் குளிர்பதனத் தொழில் இரண்டு வருடம் படித்து, பெரிய கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்து, பிறகு தனியாக வந்தவர். கூட ஒரு பையன், ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இவர்கள் இருவரும் போகும் பைக்குக்குப் பின்னாலேயே என் வண்டியை ஓட்டிக்கொண்டு இந்தக் கோடையில் சுற்றினேன்.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வருஷா வருஷம் ஏசிக்குக் கேஸ் நிரப்புகிறோமே, அதெல்லாம் எங்கே போகிறது?

"எங்கயும் போவக் கூடாது சார்" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "பெட்ரோலா அது, எரிஞ்சு தீர்றதுக்கு?"

ஏசிக்குள் கேஸ் மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் கம்ப்ரஸர் அதை அழுத்த, வாங்கிய வெப்பத்தைத் தெருவில் கொட்டிவிட்டுத் திரவமாகித் திரும்புகிறது. கசிவு இல்லையென்றால், வாங்கிய அன்று இருந்த கேஸ்தான் காயலான் கடைக்குப் போகும் அன்றும் இருக்க வேண்டும். ஆகவே "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால், எங்கே ஓட்டை என்பதுதான் அடுத்த கேள்வி. அதை நாம் கேட்பதில்லை, வந்தவரும் கிளப்புவதில்லை. நிரப்பிவிட்டுப் போகிறார், ஒரு கோடை ஓடிவிடுகிறது.

பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடி வீடு. படுக்கையறை ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. கதவைத் திறந்த வீட்டம்மா வியாதியோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார்: "கேஸ் போட்டுடுங்கண்ணா. போன வருஷமும் அதான் போட்டாங்க."

மெக்கானிக் உடனே அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால்கனிக்குப் போய், வெளிப்பெட்டியின் விசிறி சுற்றுகிறதா, கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடுமாம். தூசி அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய காயில், அதுவும் இல்லையென்றால் கெபாசிட்டர். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் கெபாசிட்டர் போனால் கம்ப்ரஸர் உறுமும், கிளம்பாது. அது சில நூறு ரூபாய்ச் சாமான். விவரம் தெரியாத வீட்டில் அதையே "கேஸ் காலி" என்று சொல்லி மூவாயிரம் வாங்கிவிடலாம். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வீட்டில் கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தது. வெளிப்பெட்டியில் மெல்லிய குழாய் வந்து சேரும் வால்வில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. "இங்க பனி புடிச்சா பாதி தெரிஞ்சிடும். மீதிய கேஜ் சொல்லும்" என்றார். மிச்சமிருந்த கேஸை வெளியே விட்டுவிட்டு நைட்ரஜனை அழுத்தி ஏற்றினார்கள். அந்த மிச்சத்தை வீணாக்காமல் வேறொரு சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் கருவி உண்டு. அவரிடம் இல்லை, நான் எட்டிப் பார்த்த மற்றக் கடைகளிலும் அதைக் காணவில்லை.

பிறகு தொடங்கியது பையனின் வேலை. டீ டம்ளரில் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ். ஒவ்வொரு நட்டிலும், ஒவ்வொரு வளைவிலும் நுரையைத் தடவி, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்கிறான். வெளியே ஒன்றும் இல்லை. உள் காயிலைத் திறந்தபோது செம்பு செம்பாகவே இல்லை, கறுத்துப்போயிருந்தது. காயிலின் ஓரத்தில் குழாய் வளைந்து திரும்பும் ஓர் இடத்தில் நுரை மட்டும் அடங்கவில்லை. கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. "அண்ணே" என்றான். ஊசி முனை அளவுகூட இல்லாத துளை. மூன்று கோடையாக அந்த வீட்டுப் பணம் போன வழி அதுதான்.

சாக்கடையிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் அந்த வேலையைக் கடல் உப்பு செய்கிறது. அங்கே வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே உதிர்கின்றன. எந்தப் பேட்டையில் எது முதலில் போகும் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஏசி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாமோ நட்சத்திரத்தை மட்டும் எண்ணி வாங்குகிறோம்.

ஒட்டலாமா, காயிலையே மாற்றலாமா? "ஒட்டித் தர்றேன்மா. ஆனா இது ஒரு எடத்துல விட்டா இன்னொரு எடத்துலயும் விடும். ஒரு வருஷத்துக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றார். காயில் மாற்றினால் பத்தாயிரத்தைத் தாண்டும். பத்து வருட வாரண்டி இருக்கிறதே என்று வீட்டம்மா பில்லை எடுத்து வந்தார். அது கம்ப்ரஸருக்கு மட்டும். பல கம்பெனிகளின் கதை இதுதான். ஒட்டவே முடிவாயிற்று.

அந்த ஏசியில் இருந்தது ஆர் 32 கேஸ். தீப்பிடிக்கும் குணம் கொஞ்சம் உண்டு. குழாய்க்குள் நைட்ரஜனை விட்டு மிச்சத்தைத் துரத்தாமல் அவர் டார்ச் பற்றவைப்பதில்லை. முன்பு ஆர் 22 இருந்தது. பற்றாது, ஆனால் ஓசோனைத் தின்னும். 1987-ல் மாண்ட்ரியலில் கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டத் தொடங்கியது. அடுத்து வந்தவை ஓசோனுக்குச் சாது, பூமியைச் சூடாக்குவதில் சாதுவல்ல. ஆர் 410ஏ கரியமில வாயுவைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இப்போதைய ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்கு, 675 மடங்கு. இவற்றையும் படிப்படியாகக் குறைப்பதற்கு 2016-ல் கிகாலியில் ஒப்பந்தம் ஆயிற்று, இந்தியா 2021-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தங்கள் எல்லாம் சரி. கடைசியில் அந்தக் கேஸ் காற்றில் கலக்குமா கலக்காதா என்பதைப் பள்ளிக்கரணையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு குந்தியிருக்கும் ஒரு பையன்தான் தீர்மானிக்கிறான்.

ஒட்டி முடித்துக் குழாயை மறுபடி இணைக்கும்போது பழைய முனையை வெட்டிப் புதிதாக விரித்தார்கள். பார்க்கச் சின்ன வேலை. கட்டரைச் சுற்றிச் சுற்றிக் குழாயை வெட்ட வேண்டும். முனையைத் தரையைப் பார்க்கப் பிடித்துப் பிசிறு சுரண்ட வேண்டும். இல்லையென்றால் செம்புத் தூள் உள்ளே விழுந்து கம்ப்ரஸர் வரை போய்விடும். நட்டை முதலில் குழாயில் கோத்துக்கொண்டு அப்புறம்தான் வாயை விரிக்க வேண்டும். பையன் இரண்டு முறை விரித்ததையும் அவர் விரல் நுனியால் தடவிப் பார்த்து வெட்டி எறிந்தார். விளிம்பில் முடியளவு கீறல். புதிய ஏசிகளில் கசிவு பெரும்பாலும் இந்த மூட்டில்தான், மாட்டிய அன்று அவசரத்தில் விட்டதுதான் என்கிறார்.

பிறகு வேக்யூம் பம்பைப் போட்டார். தகராறும் இங்கேதான் வந்தது. அரை மணி நேரத்துக்கு அந்தப் பம்ப் மட்டும் ஓடும். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாம் தடவை, "போன வருஷம் வந்தவரு இருபது நிமிஷத்துல முடிச்சாரே" என்றார். முடித்திருப்பார். பம்ப் போடாமல், சிலிண்டரைத் திறந்து கேஸாலேயே காற்றைத் தள்ளிவிட்டால் நேரம் மிச்சம். ஆனால் குழாய்க்குள் ஈரம் தங்கிவிடும். ஈரம் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் கம்ப்ரஸர் சுருளின் பூச்சைத் தின்னும். கம்ப்ரஸர் அன்றைக்கே போகாது, ஓரிரண்டு வருடம் கழித்துப் போகும். அப்போது யாரும் அந்த இருபது நிமிஷத்தை நினைப்பதில்லை, கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

கேஸை அவர் தராசில் வைத்து ஏற்றினார். பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. சிலிண்டர் அத்தனை கிராம் இளைத்ததும் வால்வை மூடினார். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் முள்ளை மட்டும் நம்பி நிரப்ப முடியாது. ஆனாலும் ஊரில் பெரும்பாலும் முள்ளைப் பார்த்துத்தான் நிரப்புகிறார்கள்.

கூலி பேசும்போது கேஸுக்கான பணத்தை வீட்டுக்காரர் மறு பேச்சில்லாமல் கொடுத்தார். கசிவு பார்த்ததற்கும் ஒட்டியதற்கும் பேரம். "சோப்புத் தண்ணிக்கு எவ்ளோ போடுவீங்க?" என்று சிரித்தார். இவரும் சிரித்துவிட்டு ஐநூறைக் குறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிலிண்டரிலிருந்து வருவதற்கு மட்டும்தான் நம் கணக்கில் விலை. தேடுவதற்கும் காத்திருப்பதற்கும் விலை கிடையாது. அதனால்தான் தேடாதவரும் காத்திருக்காதவரும் பிழைக்கிறார்கள்.

கம்பெனி சர்வீஸும் செயலி வழி வருகிறவர்களும் இதைவிட மேலா? பில் கிடைக்கும், புகார் சொல்ல ஓர் எண் இருக்கும். ஆனால் வருகிறவர் பெரும்பாலும் துணை ஒப்பந்தத்தில் இருப்பவர். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி, போதாக்குறைக்கு வருடாந்திர ஒப்பந்தம் விற்றுத்தரும் இலக்கு. நாளில் எத்தனை வீடு ஏறினார் என்பதுதான் அவர் வருமானம். அவரிடம் அரை மணி நேரம் பம்ப் ஓட்டச் சொல்வது அவர் சோற்றில் கை வைப்பது. குறை ஆளிடம் இல்லை, கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது.

சம்பாத்தியம் பங்குனி முதல் ஆனி வரைதான். மழை வந்தால் கடையில் ஈ ஓட்டுகிறார்கள். பையன் அப்போது ஊருக்குப் போய் அப்பாவோடு மல்லாட்டைக் கொல்லையில் நிற்பான்.

அவனைப் பற்றி இன்னொன்று. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வெளிப்பெட்டிக்கு ஒழுங்கான இடம் விடுவதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த ஸ்டாண்டில் அது தொங்கும். பெருங்குடியில் நான்காம் மாடியில் ஜன்னலைத் தாண்டி அந்த ஒன்றரை அடி சிமெண்டில் அவன் இறங்கினான். அண்ணன் உள்ளிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்புக் கச்சை கடையில் இருக்கிறது, வாங்கி மாட்டி வைத்திருக்கிறார். கட்டுவதற்குத்தான் எந்த வீட்டிலும் ஒரு கொக்கி இல்லை. 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல்பாக்கில் மேலிருந்து ஏசி வெளிப்பெட்டி விழுந்து கீழே இருந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. பார்த்துவிட்டு நம் வீட்டு ஸ்டாண்டின் போல்ட்டை எத்தனை பேர் தொட்டுப் பார்த்தோம்?

உங்கள் வீட்டுக்கு வருகிறவர் "கேஸ் இல்ல சார்" என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பம்ப் கொண்டுவந்தாரா, தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். ஜன்னலுக்கு வெளியே இறங்க வேண்டிய இடமென்றால், சுவரில் ஒரு நல்ல கொக்கி அடித்து வைத்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அந்த அழைப்பும் மாசியிலேயே இருக்கட்டும். சித்திரையில் எந்த மெக்கானிக்கிடமும் அரை மணி நேரம் கிடையாது.