சூன்யத்தின் இழுப்பு

பல்பும் ரேடியோவும் தயாரிக்கிற ஒரு கம்பெனியில்தான் சூன்யத்தைப் பற்றிய இந்தக் கதை தொடங்குகிறது. 1940களில், ஹாலந்தின் ஐண்ட்ஹோவன் நகரில், ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் கவலை மிகச் சாதாரணமானது. திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, தூரம் கூடக்கூட, கணக்கு சொன்னதைவிட வேகமாகக் குறைந்தது. ஏன்?

அங்கிருந்த ஹெண்ட்ரிக் காசிமிர், சகா டிர்க் போல்டருடன் சேர்ந்து விடை கண்டார். ஆனால் அந்த விடை ஏன் அத்தனை எளிமையாக வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. நீல்ஸ் போரிடம் சொன்னபோது, வெற்றிடத்தின் ஆற்றலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று போர் முணுமுணுத்தார். அது போதுமானதாக இருந்தது. மின்னேற்றமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948ல் காசிமிர் எழுதினார்.

குவாண்டம் பௌதிகத்தில் வெற்றிடம் காலியானதல்ல. காற்றையும் வெளிச்சத்தையும் அகற்றிய பிறகும் மின்காந்த அலைகளின் நடுக்கம் மிஞ்சுகிறது. தகடுகளின் இடுக்கில் அதற்குப் பொருந்துகிற அலைகளுக்கு மட்டுமே இடம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே வெளியிலிருந்து வரும் அழுத்தம் ஜெயிக்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் விசை 16 மடங்காகும்.

சொல்வது சுலபம், அளப்பது கடினம். 1958ல் ஸ்பார்னாய் செய்த சோதனை கணக்கை மறுக்கவில்லை, உறுதி செய்யவுமில்லை. 1997ல்தான் அமெரிக்காவில் ஸ்டீவ் லமோரோவின் துல்லியமான அளவீடு வெளியானது. அப்போது காசிமிருக்கு வயது 87. மூன்று ஆண்டுகள் கழித்து, 2000ல் அவர் காலமானார்.

ஒளிக்கும் இதில் பங்குண்டு. 2007ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் சிலிக்கான் தகட்டின் மீது லேசரைப் பாய்ச்சினார்கள். ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களை விடுவிக்க, சிலிக்கான் சற்றே உலோகம் போல் நடந்துகொண்டது, இழுப்பு கூடியது. சாதாரண அறைவெப்பத்தில் பிறக்கும் ஒளித்துகள்களும் தகடுகளை நெருக்குகின்றன என்பதை 2011ல் யேல் பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டினார்கள்.

மிக நுண்ணிய இயந்திரங்களைச் செய்பவர்களுக்கு இந்த விசை இன்று நிஜமான தொல்லை. பாகங்கள் மிகவும் நெருங்கினால் ஒட்டிக்கொண்டு விடுகின்றன.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பது நியாயம்தான். 1948ல் காசிமிரிடம் கேட்டிருந்தால் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருந்திருக்காது. சரியான அளவீடு வருவதற்கே 49 ஆண்டுகள் ஆயின. லாபக் கணக்குப் பார்க்கிற ஒரு கம்பெனி அவரை யோசிக்க விட்டிருந்தது.