சரி

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் உருளத் தொடங்கிய டச்சு விமானம் 'டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்றது. தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓகே' என்றது. 'காத்திருங்கள்' என்று அது தொடர்ந்த வேளையில், அதே ஓடுபாதையில் எதிரே வந்த பான் ஆம் விமானமும் பேச, டச்சு விமானிகளுக்குக் கேட்டது கிறீச்சொலி. 583 பேர் செத்தார்கள். அதன்பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல், அனுமதி தரவும் அதை ரத்துசெய்யவும் மட்டுமே.

கவிதையில் ஒரு சொல் இரண்டு அர்த்தம் தந்தால் புகழ்ந்து எழுதுகிறவன் நான். ஒருநாள் கவுண்ட்டரில் கிழவர் ஒருவர், 'பென்ஷனை வாங்கிட்டே போயிடறேன் சார்' என்றார். தலை நிமிராமல் 'சரி' என்றேன். காதில் விழுந்தது என்ற அர்த்தத்தில். பணம் வந்திருக்கவில்லை. மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்ததும், 'சரி' என்று எழுந்தார். அந்தச் 'சரி'க்கு அர்த்தம் கேட்க எனக்குத் துணிவில்லை.