கப்பல்ல போனாலும் மோட்டார் ஞாபகம்

எங்க பென்னலூர்ல இருந்து கப்பல்ல டூர் போன முதல் விவசாயி நானாத்தான் இருப்பேன். (முன்னாடியே யாராவது போயிருந்தா கோச்சுக்காதீங்க.)

2022 ஜூன் 4-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்துல 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வச்சார். ஒரகடத்துல வேலை பார்க்கிற என் பையன் அத டிவில பார்த்துட்டு எனக்கும் அவங்கம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டான். அவனோட உண்மையான ஆசை நார்வே. அங்க இருக்கிற ஃபியோர்டுகளை செல்போன்ல காட்டினான். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல கடல். பனியாறு மலையைக் குடைஞ்ச பள்ளத்துல கடல் புகுந்து உண்டானதாம். சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் 1300 மீட்டர். நம்ம செம்பரம்பாக்கம் ஏரி முழுசா நிறைஞ்சாலே 24 அடிதான்! செலவைக் கணக்குப் பார்த்துட்டு, விசாகப்பட்டினம் போதும்னு முடிவு பண்ணிட்டான்.

எனக்குப் போகவே மனசில்ல. சொர்ணவாரி நெல்லு தொண்டைக்கதிர்ல நிக்குது. அந்த நேரத்துல தண்ணி தப்பினா பதருதான். பக்கத்து நிலத்துத் தம்பிகிட்ட மோட்டாரை ஒப்படைச்சேன். "த்ரீ பேஸ் எப்ப வருதோ அப்ப போட்டு விடுறேன், நீங்க போய்ட்டு வாங்கண்ணே"ன்னார்.

துறைமுகத்துல ஜன்னலே இல்லாத ஒரு பெரிய பெட்டி மாதிரி கப்பல் நின்னுச்சு. கார் ஏத்துற கப்பலாம். இருங்காட்டுக்கோட்டையில செய்யற ஹூண்டாய் காருங்க இந்தத் துறைமுகம் வழியாத்தான் வெளிநாடு போயிருக்கு. எங்க நிலத்துல பாதி ஒரு குடோனுக்குப் போய் பல வருஷமாச்சு. மீதி 60 சென்ட்.

நாங்க ஏறினது 1990-ல கட்டின கப்பல், அப்ப அதுக்கு நார்டிக் எம்ப்ரஸ்னு பேராம். உள்ள போனா கல்யாண மண்டபம், ஓட்டல், நீச்சல் குளம் எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்காரம்மா முதல் நாள் தலை சுத்துதுன்னு படுத்துட்டாங்க. மறுநாள் சிரிச்ச முகமா மேல்தளத்துல உக்காந்து கடலையே பார்த்துட்டு இருந்தாங்க. அடுப்பு, மாடு, களை எதுவும் இல்லாம அவங்க சும்மா உக்காந்து நான் பார்த்தது அன்னைக்குத்தான். நான் மட்டும் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நடுக்கடல்ல டவர் இல்ல.

விசாகப்பட்டினம் வர்றப்ப, கடலுக்குள்ள மூக்கை நீட்டின மாதிரி ஒரு மலை. டால்பின் மூக்குன்னே பேரு. அதை ஒட்டின வாய்க்கால் வழியா உள்ள போனா 1933-ல திறந்த பழைய துறைமுகம். "இதான்ப்பா நம்ம ஊரு ஃபியோர்டு"ன்னான் பையன். டவர் வந்துச்சு. தம்பிக்குப் போன் போட்டா, அடுத்த முனையில அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல.

அப்பதான் பையன் மெதுவா ஆரம்பிச்சான். "அப்பா, அந்த 60 சென்ட்டை ஒருத்தர் கேக்குறாரு. நல்ல விலை."

நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவங்கம்மா, "இதைக் கேக்கத்தான் கப்பல்ல ஏத்துனியாடா?"ன்னுட்டாங்க.

அவன் கண்ணு கலங்கிடுச்சு. வேலை கான்ட்ராக்ட்தானாம், அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாதாம். வீட்டுக் கடன் வேற ஓடுது. இவ்வளவு நாளா எங்ககிட்ட மூச்சு விடல. டூருக்கும் கடன்தான் வாங்கியிருக்கான். கோபம் வரணும், வரல. இவ்வளவு செலவு பண்ணித்தான் அப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியுதுன்னு இவனை வச்சிருக்கேனேன்னு இருந்துச்சு.

திரும்பி வந்ததும் செருப்பைக் கூட கழட்டாம வயலுக்குப் போனேன். தம்பி ஒரு நாள்கூட விடாம பாய்ச்சியிருந்தார். போன் சார்ஜ் போட்டு வச்சுட்டு வயல்ல நின்னாராம், அதான் எடுக்கல.

பையனுக்கு இன்னும் நான் பதில் சொல்லல. ஞாயித்துக்கிழமை வந்தான். கேக்கவும் இல்ல. கரண்ட் வந்ததும் அவனே போய் மோட்டாரைப் போட்டுட்டு, வரப்புல உக்காந்திருந்தான்.