பதம் அறிந்த கை

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், தெருத்திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு அது. நூறு வயதைத் தாண்டியது. முன்னறை ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கிய விரிசல், செங்கல் இடுக்குகளின் வழியே படிப்படியாக ஏறியிருந்தது. கீழே நூல் அளவு. மேலே உத்தரத்தை ஒட்டி என் சுண்டுவிரல் நுழையும் அளவு.

"மேல அகலம், கீழ ஒடுக்கம். அப்படின்னா மூலை இறங்கியிருக்கு தம்பி" என்றார் பெரிய கொத்தனார். எழுபதை நெருங்கும் வயது. விரிசலைப் பூசுவதற்கு முன்னால் அவர் வீட்டைச் சுற்றி நடந்திருக்கிறார். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, பல வருடங்களாக அந்த மூலையிலேயே கொட்டியிருக்கிறது. தெருவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில், தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டது. மழைநீர் சுவரடியில்தான் தேங்கும்.

குழாயை மாற்றி, தண்ணீர் ஓட வழி செய்த பிறகு, விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைத்தாராம். ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார். "இன்னும் இறங்கிட்டிருந்தா கண்ணாடி தெறிச்சிருக்கும். உடையல. இனிமே கை வைக்கலாம்."

சுவரின் கீழ்ப்பகுதியில் இன்னொரு காயம். முன்பு யாரோ ஓதம் தெரியாமலிருக்க, இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அவர் உளியின் பின்புறத்தால் தட்டினார், பொள்ளல் சத்தம். நெம்பியதும் அந்தப் பூச்சு பலகைபோலப் பெயர்ந்து வந்தது. பின்னால் செங்கல்லின் முகம் சிவப்புப் பொடியாக உதிர்ந்தது; இடையிடையே வெள்ளையாக உப்பு. கையில் அள்ளினால் ஈரம் தெரிந்தது.

சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். தரையிலிருந்து ஏறும் தண்ணீர் இடுக்குகள் வழியே காய்ந்து போகும்; உப்பு சாந்தைத்தான் தின்னும். உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக அடைத்துக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட, உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதை உடைக்கிறது. பழைய நாட்டுச் செங்கல் மென்மையானது. சாந்து அதைவிட மென்மையாக இருந்து, தான் தேய்ந்து செங்கல்லைக் காக்க வேண்டும். இத்தனை காலம் இந்தச் சுவர் நின்றது அப்படித்தான்.

முற்றத்தில் சாந்து தயாரானது. வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பு, வெண்ணெய்போல இருந்தது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். பானையில் கடுக்காயும் கருப்பட்டியும் புளித்த தண்ணீர். கள்ளையும் வெல்லப்பாகையும் நினைவூட்டும் வாசனை. கலந்துகொண்டிருந்தது முப்பது வருடமாகச் சித்தாள் வேலை செய்யும் அக்கா. தண்ணீரை அவர் அளந்து ஊற்றவில்லை. ஒரு பிடி எடுத்து உருட்டினார், விண்டு பார்த்தார், மறுபடி மண்வெட்டியால் புரட்டினார். கொத்தனார் கரணையைக் கவிழ்த்தபோது சாந்து ஒட்டாமல் வழுக்கி இறங்கியது. "பதம் அக்காவுக்குத்தான் தெரியும்" என்றார்.

உதிர்ந்த சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசு போகக் கழுவி, இடுக்கை நனைத்து, புதுச் சாந்தை அழுத்தி அடைத்தார்கள். விரிசலில் உடைந்த செங்கற்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முழுச் செங்கல்லைக் குறுக்கே வைத்துத் தைத்தார்கள். பிறகு ஈரச் சாக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, மெல்ல மறுபடியும் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும், நாள் வேண்டும்.

2014 நவம்பரில் அடைமழையில் இந்த ஊரின் கடற்கரையோர மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்த நகரமன்றம் கல்லும் மண்ணுமாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, பழைய சுவரில் ஒரு விரிசல் என்றாலே நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தில்தான் சிமெண்ட் மூட்டையைத் தேடுகிறோம்.

"எனக்கப்புறம் இந்த வேலைக்கு ஆளில்ல தம்பி" என்றார் பெரியவர், சாரத்திலிருந்து இறங்கியபடி. அவருக்குப் பின்னால் அக்கா சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்று, சாக்கை விலக்கி, புதுச் சாந்தை நகத்தால் அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். "நீங்க எப்பவாவது கரணை பிடிச்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"குடுத்தாத்தானே" என்றார்.

வீட்டைக் காக்க நினைக்கிறவர்கள் சுண்ணாம்பைத் தேடினால் மட்டும் போதாது. அதன் பதம் அறிந்த கையில் கரணையையும், கொத்தனாருக்கான கூலியையும் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாமல் இல்லை. அந்த முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.